ராமானுஜனின் காய்ச்சல்

தாம்பரம் போற லோக்கல் ட்ரெயின்ல குரோம்பேட்டை தாண்டினதும் வர்ற ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். நாலு வருஷமா அந்தப் பேரை தினமும் கேட்கிறேன். மெப்ஸ் கம்பெனிகளுக்குப் போறவங்க கூட்டமா இறங்குவாங்க, சித்த மருத்துவமனைக்குப் போற தாத்தா பாட்டிங்க மெதுவா இறங்குவாங்க. சானடோரியம்னா அது ஒரு ஏரியா பேருன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன்.

ப்ளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்ச சமயத்துல என் ரூம்மேட்டுக்கு இருமல் வந்தது. சாயங்காலம் ஆனா லேசா காய்ச்சல். மெஸ்ல சாப்பிடறதையே விட்டுட்டான். காலைல டீ, ராத்திரி ரெண்டு பாக்கெட் பிஸ்கட், நடுவுல ஆப்டிட்யூட் கணக்கு. மூணு வாரம் கழிச்சு, சட்டை தொளதொளன்னு ஆனப்புறம்தான் அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனோம். சளி டெஸ்ட்ல டி.பி.ன்னு வந்தது. அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, அடுத்த வாரம் இன்டர்வியூ இருக்கேங்கறதுதான்.

ஆறு மாசம் மாத்திரை. அவனுக்குத் துணையா பெஞ்ச்ல உட்கார்ந்திருந்த நாட்கள்ல டி.பி. பத்தி போன்ல தேடிப் படிச்சேன். அப்பத்தான் தெரிஞ்சது, சானடோரியம்னா டி.பி. நோயாளிகள் மாசக்கணக்கா தங்கி சிகிச்சை எடுக்கிற இடம். தாம்பரத்துல 1928ல அதை ஆரம்பிச்சவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து. அதுக்குப் பதினோரு வருஷம் முன்னாடி, இங்கிலாந்துல அவர்கிட்ட சிகிச்சைக்கு வந்த ஒரு நோயாளி, சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜன் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். ஏழ்மை, நோட்டுப் புத்தகம், ஹார்டி, 1729, சின்ன வயசுல மரணம். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் நாம வேகமா தாண்டிப் போயிடறோம். அதுல கொஞ்சம் நின்னு பார்க்கலாம்னு இந்தக் கட்டுரை.

கும்பகோணத்துப் பையன்

1887 டிசம்பர் 22ல ஈரோட்டுல, அம்மாவோட பிறந்த வீட்டுல ராமானுஜன் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு. அப்பா துணிக்கடை குமாஸ்தா. ரெண்டு வயசுல பெரியம்மை வந்தது. பிழைச்சார், முகத்துல தழும்பு மட்டும் தங்கிடுச்சு. அவருக்கு அடுத்துப் பிறந்த மூணு குழந்தைகளும் ஒரு வயசு நிறையறதுக்குள்ள இறந்து போனாங்க. அந்த வீட்டுல உயிரோட வளர்றதே ஒரு பெரிய விஷயமா இருந்தது.

ஸ்கூல்ல டாப்பர். காலேஜ்ல எல்லாம் தலைகீழ். கும்பகோணம் அரசு காலேஜ்ல கணக்கைத் தவிர வேற எதையும் படிக்காம ஸ்காலர்ஷிப்பை இழந்தார். 1906ல சென்னை பச்சையப்பன் காலேஜ்ல சேர்ந்தார், அங்கயும் தேறல. நம்ம பாஷைல சொன்னா, அரியர் க்ளியர் ஆகாமலே காலேஜ் வாழ்க்கை முடிஞ்சது. அந்தச் சமயத்துல கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்து படுத்தார். கப்பல் ஏறறதுக்கு முன்னாடி இந்த மாதிரி ரெண்டு தடவை வந்திருக்கு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1909ல ஜானகியோட கல்யாணம். 1910 ஆரம்பத்துல விரைவீக்கத்துக்கு ஆபரேஷன். வீட்டுல காசு இல்ல, ஒரு டாக்டர் இலவசமா செஞ்சார். 1912 மார்ச்ல சென்னை துறைமுகத்துல குமாஸ்தா வேலை, மாசம் 30 ரூபாய். 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் கேம்பிரிட்ஜுக்குப் போச்சு. ஹார்டி பதில் போட்டார். 1914 மார்ச் 17ல நெவாசாங்கற கப்பல்ல ராமானுஜன் சென்னைல இருந்து கிளம்பினார்.

அதே கப்பல்ல பயணம் செஞ்சவர் சௌரி முத்து. இங்கிலாந்துல சாமர்செட் பக்கம், மெண்டிப் மலைல சொந்தமா ஒரு டி.பி. சானடோரியம் நடத்திட்டு இருந்தவர். கணக்கு படிக்கப் போற 26 வயசு இளைஞனும், நுரையீரல் டாக்டரும் கப்பல்ல பழகினாங்க. மூணு வருஷத்துல டாக்டராவும் நோயாளியாவும் சந்திப்போம்னு ரெண்டு பேருக்கும் அப்போ தெரியாது.

கேம்பிரிட்ஜ் சமையல்

ராமானுஜன் சுத்த சைவம். ட்ரினிட்டி காலேஜ் சாப்பாட்டுல கை வைக்கல, ரூம்லயே சமைச்சார். போய்ச் சேர்ந்த சில மாசத்துல, 1914 ஆகஸ்ட்ல முதல் உலகப் போர் ஆரம்பிச்சது. காய்கறி, பழம் கிடைக்கிறது கஷ்டமாச்சு. வேலைல மூழ்கினா நேரம் காலம் கிடையாது. சில நாள் ஒரே ஒரு வேளை சமையல்தான், சில நாள் அதுவும் இல்ல. ஊர்ல மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப் போகல. வீட்டுக் கடிதங்கள் குறைஞ்சுகிட்டே வந்தது.

ஆனா வேலை மட்டும் மலை மாதிரி வளர்ந்தது. 1916 மார்ச்ல ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் கிடைச்சது. அடுத்த வருஷம், 1917 வசந்த காலத்துல உடம்பு விழுந்தது. ராத்திரி காய்ச்சல், வயித்து வலி, எடை குறைவு. கேம்பிரிட்ஜ்ல ஒரு நர்சிங் ஹோம்ல படுத்தார். டாக்டர்கள் முதல்ல வயித்துப் புண் என்றார்கள். ஒருத்தர் பழைய ஆபரேஷனோட தொடர்ச்சியா புற்றுநோய் இருக்குமோன்னு சந்தேகப்பட்டார். ரத்தத்துல விஷம் கலந்திருக்குன்னும் ஒரு கருத்து வந்தது. கடைசியில பெரும்பாலும் வந்து நின்ன இடம் டி.பி. அந்த வருஷமே மெண்டிப் மலைக்கு, சௌரி முத்துகிட்ட வந்து சேர்ந்தார்.

அங்க ரொம்ப நாள் இருக்கல. அடுத்து டெர்பிஷயர்ல மேட்லாக் சானடோரியம். டி.பி.க்கு மருந்தே இல்லாத காலம் அது. திறந்த ஜன்னல், சுத்தமான காத்து, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவ்வளவுதான் சிகிச்சை. கும்பகோணம் வெயில்ல வளர்ந்தவருக்கு அந்தக் குளிர்காத்து ஒத்துக்கல. அந்தச் சத்தான சாப்பாடும் பெரும்பாலும் அசைவம். அவர் சாப்பிடக்கூடியதை அங்க சமைக்க ஆள் இல்ல.

உள்ளே என்ன நடந்தது?

ஒரு விஷயத்தைச் சொல்லாம மேல போக முடியாது. டி.பி. கிருமி உடம்புக்குள்ள போன எல்லாரும் நோயாளி ஆகறதில்ல. நூறு பேருக்குள்ள கிருமி போனா, வாழ்நாள்ல அஞ்சுல இருந்து பத்து பேருக்குத்தான் நோயா மாறும். மத்தவங்க உடம்பு அதைக் கட்டிப்போட்டு வச்சிருக்கும். கட்டிப்போடறது யாரு?

ரத்த வெள்ளை அணுக்கள்ல ஹெல்பர் டி-செல்னு ஒரு வகை இருக்கு. எலும்பு மஜ்ஜைல பிறந்து, நெஞ்சுக்குள்ள இருக்கிற தைமஸ் சுரப்பியில பயிற்சி முடிச்சு வெளிய வரும். அப்படி வர்ற புது செல், ப்ளஸ் டூ முடிச்சுட்டு கவுன்சலிங் ஹால்ல வந்து நிக்கிற பையன் மாதிரி. தகுதி இருக்கு, எந்த பிராஞ்ச்னு இன்னும் முடிவாகல.

அந்த முடிவுக்குத் தகவல் கொண்டு வர்றது டென்ட்ரிடிக் செல். கிருமி நுழைஞ்ச இடத்துல அதைப் பிடிச்சு, துண்டு போட்டு, பக்கத்து நிணநீர் முடிச்சுக்கு எடுத்துட்டு வந்து டி-செல்கிட்ட காட்டும். துண்டை மட்டும் காட்டாது, கூடவே ஒரு சிக்னலும் கொடுக்கும். செல்லுக்குள்ள ஒளிஞ்சுக்கற கிருமின்னா ஐஎல்-12ங்கற சிக்னல். அது கிடைச்ச டி-செல்லுக்குள்ள டி-பெட்ங்கற புரதம் ஆன் ஆகும், அந்த செல் டிஎச்1 ஆயிடும். குடல் புழு மாதிரி ஆளுன்னா, சுத்தி இருக்கிற ஐஎல்-4 சிக்னல்ல கேட்டா-3 ஆன் ஆகி டிஎச்2 ஆகும். பூஞ்சை, செல்லுக்கு வெளிய பெருகற பாக்டீரியான்னா டிஎச்17. சண்டை எல்லை மீறாம அடக்கி வைக்க ட்ரெக்னு ஒரு வகை. ஆன்டிபாடி தயாரிப்புக்கு உதவ இன்னொரு வகை.

ஒரு பிராஞ்ச் எடுத்ததும் மத்த கதவெல்லாம் கிட்டத்தட்ட மூடிக்கும். டி-பெட் ஆன் ஆனா அது கேட்டா-3ஐ அமுக்கி வைக்கும். கிட்டத்தட்டன்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. மெக்கானிக்கல் படிச்சுட்டு ஐடி வேலைக்குப் போற மாதிரி, பிற்பாடு மாறிக்கற செல்களும் உண்டு.

டி.பி. கிருமிக்கு வேண்டியது டிஎச்1. ஏன்னா அந்தக் கிருமி ஒளிஞ்சுக்கற இடமே, கிருமியை விழுங்கிச் செரிக்கிற மேக்ரோஃபேஜ் செல். விழுங்கப்பட்டப்புறமும் செரிமானம் நடக்காம தடுத்து, உள்ளயே குடித்தனம் பண்ணும். டிஎச்1 செல் வந்து இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்தாத்தான் மேக்ரோஃபேஜ் முழிச்சுக்கும். இந்த ஐஎல்-12, இன்டர்ஃபெரான் காமா பாதையில பிறவியிலேயே கோளாறு இருக்கிற குழந்தைகளுக்கு, நம்ம எல்லாருக்கும் போடற பிசிஜி ஊசியில இருக்கிற பலவீனமான கிருமியே ஆபத்தாகும். அவ்வளவு முக்கியமான பாதை அது.

சரி, சிக்னல் சரியா வந்தா போதுமா? இங்கதான் கேம்பிரிட்ஜ் சமையல் உள்ள வருது. டி-செல் பல மடங்கா பெருகணும். அதுக்குத் தீனி வேணும். பட்டினில உடம்புக் கொழுப்பு கரையும்போது, அந்தக் கொழுப்பு சுரக்கிற லெப்டின்ங்கற ஹார்மோன் குறையும். லெப்டின் குறைஞ்சா டிஎச்1 வேலை முதல்ல அடிபடும். தொடர்ந்து மன அழுத்தத்துல இருந்தா கார்டிசால் ஏறும். அது ஐஎல்-12 உற்பத்தியைக் குறைக்கும். இன்டர்ஃபெரான் காமா வந்து தட்டினாலும், மேக்ரோஃபேஜ் கிருமியைக் கொல்ல வைட்டமின் டி வேணும்னு 2011ல வந்த ஆராய்ச்சி காட்டுச்சு. வைட்டமின் டி தோல்ல வெயில் பட்டு உருவாகறது. இங்கிலாந்துக் குளிர்காலத்துல அதுக்குப் போதுமான வெயில் கிடையாது. மீன், முட்டை சாப்பிடறவங்களுக்கு கொஞ்சமாவது அதுல கிடைக்கும்.

இப்போ 1917ஐ மறுபடி பாருங்க. அரை வயிறு, வெயில் இல்லாத மூணு குளிர்காலம், வராத கடிதம், தூக்கமில்லாத ராத்திரி. ஒவ்வொண்ணும் அந்தப் பாதையில ஒரு இடத்துல கை வைக்குது. ஆனா அன்னைக்கு இது யாருக்கும் தெரிய வழியே இல்ல. தைமஸ் எதுக்கு இருக்குன்னே 1961லதான் தெரிஞ்சது. ஹெல்பர் டி-செல்கள்ல டிஎச்1, டிஎச்2ன்னு ரெண்டு வகை இருக்குன்னு மோஸ்மனும் காஃப்மனும் எலி செல்களை வச்சு காட்டினது 1986ல. ராமானுஜன் இறந்து 66 வருஷம் கழிச்சு.

பட்டமும் படுக்கையும்

1918 ஆரம்பத்துல லண்டன்ல ராமானுஜன் உயிரை விட்டுடப் பார்த்தார். காப்பாத்திட்டாங்க. விஷயம் பெருசாகாம ஹார்டி பார்த்துக்கிட்டார். இது நடந்த சில மாசத்துல, 1918 மே மாசம், ராயல் சொசைட்டி அவரை ஃபெலோவா தேர்ந்தெடுத்தது. அக்டோபர்ல ட்ரினிட்டி காலேஜ் ஃபெலோ ஆனார், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். வெளிய இருந்து பார்த்தா உச்சி. உள்ள இருந்த ஆளுக்கு ராத்திரி ஆனா காய்ச்சல்.

நாம மீம் போடற 1729 கதையும் இந்தச் சமயத்துலதான். லண்டன்ல புட்னி பக்கம் ஒரு நர்சிங் ஹோம்ல படுத்திருந்தவரைப் பார்க்க ஹார்டி டாக்ஸில வந்தார். டாக்ஸி நம்பர் சுவாரசியமே இல்லாததுன்னு அவர் சொல்ல, ரெண்டு கன எண்களோட கூட்டலா ரெண்டு விதமா எழுதக்கூடிய மிகச் சின்ன எண் அதுன்னு படுக்கையில இருந்தவர் பதில் கொடுத்தார். 1, 12 ஒரு ஜோடி. 9, 10 இன்னொரு ஜோடி. நம்பர் நமக்கு ஞாபகம் இருக்கு. அது நோயாளியைப் பார்க்க வந்த நேரம்ங்கறது மறந்து போச்சு.

போர் முடிஞ்சு, 1919 பிப்ரவரி 27ல நகோயா கப்பல்ல ஊருக்குக் கிளம்பினார். மார்ச் 27ல பம்பாய், அப்புறம் சென்னை. காவிரிக்கரை நல்லதுன்னு கொடுமுடி, பிறகு கும்பகோணம். டி.பி. நிபுணர் டாக்டர் சந்திரசேகர ஐயர் பார்த்தார். 1920 ஜனவரில சென்னைக்கே திரும்பினார். அதே மாசம் 12ஆம் தேதி ஹார்டிக்குக் கடைசிக் கடிதம், மாக் தீட்டா சார்புகள்னு முழுக்கப் புதுசான ஒரு விஷயத்தைப் பத்தி. ஜானகி ஒத்தடம் கொடுத்துட்டு பக்கத்துல இருக்க, வலியோட எழுதிகிட்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26, சேத்துப்பட்டு வீட்டுல இறந்தார். வயசு 32.

கடைசி வருஷத்துல எழுதின அந்தத் தாள்கள் ட்ரினிட்டி நூலகத்துல கேட்பாரில்லாம கிடந்து, 1976ல ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணுல பட்டது.

டி.பி.யே இல்லையோ?

1994ல, ஜானகி அம்மாள் சென்னைல காலமான அதே வருஷம், டி.ஏ.பி. யங்னு ஒரு டாக்டர் பழைய குறிப்புகளை எல்லாம் அலசி ஒரு கட்டுரை எழுதினார். அவர் கணிப்பு, இது டி.பி. இல்ல, கல்லீரல் அமீபா நோய். இளமையில வந்த வயிற்றுக்கடுப்பு ஞாபகம் இருக்கா? அந்த அமீபா குடல்ல வருஷக்கணக்கா பதுங்கி இருந்து, பிறகு கல்லீரலுக்குப் போய்ச் சீழ் கட்டும். விட்டு விட்டு வர்ற காய்ச்சலுக்கு அது பொருந்துது. இதுல மனசு கனக்கிற விஷயம், இந்த நோய்க்கு அப்பவே மருந்து இருந்தது. கல்கத்தால லியோனார்ட் ரோஜர்ஸ் 1912லயே எமெட்டின் ஊசி போட்டு குணப்படுத்திக் காட்டியிருந்தார்.

யங் சொல்றதை எல்லாரும் ஏத்துக்கல. ஆனா ஒரு விஷயம் பாருங்க. அந்த அமீபாவைக் கொல்றதுக்கும் மேக்ரோஃபேஜ் முழிச்சுக்கணும், அதுக்கும் இன்டர்ஃபெரான் காமாதான் வேணும். டி.பி.யோ அமீபாவோ, ராமானுஜனுக்காக நின்னிருக்க வேண்டியது அதே வகை செல்தான். அதுக்குச் சோறு போடத்தான் ஆள் இல்ல.

தாம்பரமும் சேத்துப்பட்டும்

சௌரி முத்து ஊருக்குத் திரும்பி 1928ல தாம்பரத்துல சானடோரியம் திறந்தார். இங்க வெயிலுக்குப் பஞ்சம் இல்ல. 1937ல அது அரசு கைக்கு வந்தது. 1986ல, டிஎச்1, டிஎச்2 கண்டுபிடிச்ச அதே வருஷம், சென்னைல டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவுல எச்ஐவி இருக்குன்னு முதல்முறையா காட்டினாங்க. எச்ஐவி அழிக்கிறது நேரா ஹெல்பர் டி-செல்லைத்தான். அந்த செல் போனா, கட்டிப்போட்டு வச்சிருந்த டி.பி. அவிழ்த்துகிட்டு வரும். அதனால 1990கள்ல எச்ஐவி நோயாளிகள் வந்து நின்ன வாசல் தாம்பரம் டி.பி. ஆஸ்பத்திரி. வேற இடங்கள்ல முகம் திருப்பினவங்களை இங்க படுக்க வச்சு பார்த்தாங்க.

ராமானுஜன் இறந்த அதே சேத்துப்பட்டுல, 36 வருஷம் கழிச்சு, 1956ல ஒரு டி.பி. ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சது. மருந்து வந்தாச்சு, இனி சானடோரியம் தேவையாங்கறது கேள்வி. ஒரு வருஷம் மாத்திரை. பாதி பேர் சானடோரியத்துல நல்ல சாப்பாட்டோட, பாதி பேர் சென்னையில நெருக்கடியான வீடுகள்ல கிடைச்சதைச் சாப்பிட்டுட்டு. ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணம். அந்த முடிவுக்கு அப்புறம்தான் உலகம் முழுக்க டி.பி.க்கு வீட்டுலயே மாத்திரைங்கற வழக்கம் பரவினது. என் ரூம்மேட் ஹாஸ்டல்ல இருந்துட்டே குணமானதுக்குக் காரணம் சேத்துப்பட்டு.

அப்போ சாப்பாடு முக்கியமில்லையா? அந்த ஆய்வு காட்டினது, மருந்து ஒழுங்கா போட்டா வீட்டுலயே குணமாகலாம்ங்கறதைத்தான். நோய் வராம இருக்கிறது வேற கணக்கு. ஜார்க்கண்ட்ல டி.பி. நோயாளிகள் வீட்டு ஆட்களுக்குச் சத்தான ரேஷன் கொடுத்துப் பார்த்தாங்க. 2023ல முடிவு வந்தது. அந்த வீடுகள்ல புதுசா டி.பி. வர்றது ஏறக்குறைய 40 சதவீதம் குறைஞ்சது. புது மருந்தும் இல்ல, புது ஊசியும் இல்ல. அரிசி, பருப்பு மாதிரி சாப்பாடு.

ராமானுஜன் சாப்பாடு தூக்கம் மறந்து கணக்கு போட்டாராம்னு நாம பெருமையா சொல்றோம். நானும் சொல்லியிருக்கேன். அந்த மறதிதான் அவர் மேதைமைன்னு யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அவர் மறக்கல. சமைக்க நேரமும் பொருளும் இல்லாம, கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆள் இல்லாம இருந்தார். மாக் தீட்டா சார்பு பட்டினியால வந்தது கிடையாது, பட்டினியை மீறி வந்தது. 32க்கு அப்புறம் வர வேண்டியது எதுவும் வரவே இல்ல.

என் ரூம்மேட் மாத்திரை முடிச்சு மூணு மாசம் ஆச்சு. விட்டுப்போன அந்த இன்டர்வியூ போனதுதான், வேற கம்பெனில வேலை கிடைச்சது. இப்ப எங்க ஃப்ளோர்ல ஒரு பழக்கம் வந்திருக்கு. யாராவது மெஸ்ஸுக்கு வரலைன்னா ஒருத்தன் போய்க் கதவைத் தட்டுவான். ரெண்டு வாரத்துக்கு மேல இருமினா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது கட்டாயம், இன்டர்வியூ இருந்தாலும் சரி. டெஸ்ட்டும் மாத்திரையும் இலவசம்.

உங்க பக்கத்து ரூம்லயும் யாராவது இருமிட்டு இருப்பாங்க. போய்க் கதவைத் தட்டுங்க.